கட்டினவர்தான் ஓட்டணும்

"பல்லு இருக்கு, பாத்து வைங்கம்மா" என்றார் பல்செட்டுக்காரர்.

மேஜை ஓரத்தில் ஏழெட்டு பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. தையல்காரம்மாள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. போர்வையில் சுற்றிய மூட்டையை நடுவில் வைத்து, குழந்தைக்குத் துணி மாற்றுகிறவள் மாதிரி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். பின்னால் அவளுடைய மகள் ஒரு ரெக்சின் பையோடு நின்றாள். எதிர்ப்பக்கம், உட்காரச் சொல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மச்சினர். படகு கிளப்பில் அவரைத் தலைவர் என்பார்கள். வீட்டிலும் அப்படியே கூப்பிட்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

போர்வைக்குள் இருந்தது ஒன்றேகால் முழ நீளத்தில் ஒரு ரிமோட் படகு. நண்டு மாதிரி முன்னால் இரண்டு பக்கமும் மிதவை. பின்னால் குறுகி, ஒரு சுக்கான், ஒரு புரொப்பெல்லர். மேலெல்லாம் தடித்தடியாக வெள்ளைப் பெயிண்ட்.

"இது என்ன கண்றாவி?" என்றார் தலைவர். "வெள்ளை எப்ப அடிச்சீங்க அண்ணி?"

"ஜன்னலுக்கு வாங்கினது மிஞ்சிச்சு. துருப்பிடிக்காம இருக்கட்டும்னு அடிச்சேன்."

"மரம் துருப்பிடிக்குமா?"

"பாக்காம விட்டா எல்லாம் பிடிக்கும் தம்பி."

"நம்பரை மறைக்கிறதுக்கு அடிச்சீங்க. அதை ஒத்துக்கங்க."

"சண்டையை வெளியில போய்ப் போடுங்க" என்றார் பல்செட்டுக்காரர். "பிளாஸ்டர் காயற நேரம். அதிர்ந்தா விரிசல் விடும்."

பகலில் பல்செட் செய்வது அவர் பிழைப்பு. மீதி நேரத்தில் பழைய ரிமோட் படகுகளைப் பழுது பார்ப்பார். இரண்டுக்கும் அதே சின்ன டிரில், அதே ரம்பம், அதே சிடுசிடுப்பு. படகைத் தூக்கி, புரட்டி, முகர்ந்து பார்த்தார்.

"விளக்கெண்ணெய்" என்றார். "அந்தக் காலத்து எஞ்சின் பெட்ரோல் குடிக்காது. ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் குடிக்கும். அந்த எண்ணெய் உள்ள கோந்தா இறுகிக் கிடக்கு. கையால சுத்திப் பாத்தீங்களா?"

"அசையல."

"நல்ல வேளை. சுத்தியலால தட்டியிருந்தீங்கன்னா நான் தொட்டிருக்க மாட்டேன்." வலப்பக்க மிதவையில் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தகட்டைக் காட்டினார். "இது வலது பக்கம் மட்டும்தான் இருக்கு பாருங்க. பந்தயத்துல எல்லாத் திருப்பமும் வலது பக்கம். முழு வேகத்துல போனா ரெண்டு மிதவையோட நுனியும் புரொப்பெல்லரும் மட்டும்தான் தண்ணியைத் தொடும். மத்ததெல்லாம் காத்துல. இது ஹைட்ரோபிளேன். பந்தயத்துக்குன்னே கட்டினது. பொம்மை இல்ல."

"அதை நானே சொல்லியிருப்பேனே" என்றார் தலைவர்.

"நீங்க சொன்னா சண்டை வருது சார். நான் சொன்னா பில் வருது. என்ன தெரியணும் உங்களுக்கு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மகள் இரண்டு பேரையும் கையமர்த்தினாள்.

"நான் சொல்றேன். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஷெட்ல, ஒரே வரைபடத்தை வெச்சு ரெண்டு படகு கட்டினாங்க. ரெண்டும் சிவப்பு. ஒரே அணிங்கறதால ரெண்டுக்கும் பதினாலாம் நம்பர். ஏரியில பெரிய போட்டி. காலைச் சுத்துல ஒண்ணு கவிழ்ந்து சுக்கு நூறாச்சு. இன்னொண்ணு சாயங்காலம் இறுதிப் போட்டியில ஜெயிச்சுது. ஜெயிச்சது இது. இப்ப கிளப்ல கண்ணாடிப் பெட்டி பண்ணி இதை வைக்கப் போறாங்க. கீழ ஒரே ஒரு பேர்தான் எழுதுவாங்க. அது அப்பாவா சித்தப்பாவா? அதான்."

"போட்டோ?"

"ஒண்ணு இருக்கு. தண்ணி தெறிக்கிறது மட்டும் தெரியுது. கிளப் நோட்டுலயும் பதினாலாம் நம்பர்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

"நீங்க பாக்கலியாம்மா?"

தையல்காரம்மாள் மகளைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கு ஆசுபத்திரியில இருந்தேன். இவளைப் பெத்துக்கிட்டு."

"படகுக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றாள் மகள். "பெயிண்ட் அதுக்குத்தான் அதிகம்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலையில ஆறு மணிக்கு வலி" என்றாள் தையல்காரம்மாள், பல்செட்டுக்காரரிடம் மட்டும். "'நீ போ, ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு ஓடி வந்துடறேன்'ன்னார். பக்கத்து வீட்டம்மாதான் ஆட்டோவுல ஏத்தினாங்க. அவர் வந்தது சாயங்காலம் ஆறு. கையில கோப்பை. 'ஜெயிச்சுட்டேன்'ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக விட்டேன். அன்னிக்கு மட்டும் அவர் தோத்துட்டு வந்திருந்தா என்ன நடந்திருக்கும்னு எனக்கே தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணேன் அதுக்கப்புறம். இப்ப வந்து, அது அவர் இல்ல, நான்தான்னு இந்த மனுஷன் சொன்னா, அவர் எங்கிட்ட பொய் சொன்னார்னு ஆகுது. செத்துப்போனவரைப் பொய்யன்னு பலகையில எழுதி, கண்ணாடி போட்டு, விளக்கு வேற போடுவாங்களாம்."

"அண்ணி, ஓட்டினவன் நான். கவிழ்ந்தது அவரோடது. எங்க கிளப்ல விதி ஒண்ணு இருக்கு, இன்னிக்கு வரைக்கும் இருக்கு: கட்டினவர்தான் ஓட்டணும். கடையில வாங்கி ஓட்டறவன், அடுத்தவன் படகை ஓட்டறவன் எல்லாம் வெளியில. நான் ஓட்டினேன். அப்ப கட்டினதும் நான். இதுல என்ன பல்டாக்டர் ஆராய்ச்சி?"

"டாக்டர் இல்ல சார். பல்செட். மூணு வாரம் கழிச்சு வாங்க."

"நான் கூடவே இருப்பேன்" என்றார் தலைவர். "யாரு எதைச் சுரண்டறாங்கன்னு பாக்கணும்."

"நானும்" என்றாள் தையல்காரம்மாள்.

பல்செட்டுக்காரர் தாடைகளைப் பார்த்தார். "உங்களை மாதிரி சத்தம் போடாத வாய்ங்க" என்றார்.

*

அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பேரும் வந்தார்கள். எதிரெதிர் சுவரை ஒட்டி இரண்டு நாற்காலி. போகும்போதும் வரும்போதும் "வாங்க", "போயிட்டு வரேன்" எதுவும் கிடையாது.

முதலில் எஞ்சின். கழற்றி, வெந்நீரில் வைத்து, தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி, மறுபடி வெந்நீர். பழைய எண்ணெய் தேன் மாதிரி இளகி வழிந்தது. மூன்றாவது நாள் தண்டு கால்வாசி சுற்றியது. பிறகு அரை. பிறகு உள்ளேயிருந்து "டப்" என்று ஒரு காற்று.

"உயிர் இருக்கு" என்றார் பல்செட்டுக்காரர்.

"என் கையால ஓடின எஞ்சின்" என்றார் தலைவர்.

"கையால ஓடாது தம்பி. விளக்கெண்ணெயால ஓடும்" என்றாள் தையல்காரம்மாள்.

அடுத்து பெயிண்ட். வெள்ளையைப் பல் சுரண்டுகிற கருவியால் நகக்கண் அளவு நகக்கண் அளவாக எடுத்தார். கீழே சிவப்பு. சிவப்பில் கறுப்பாக 14. அந்த நம்பரைப் பார்த்ததும் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

மிதவை உடம்போடு சேரும் மூலையில் பிளைவுட் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அங்கே சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்ச வைத்தார். பொடியைத் தட்டியபோது, மரத்தோடு ஒட்டிய ஒரு துணிப்பட்டை தெரிந்தது. ஊதா நிறம். ஓரம் பல்பல்லாக வெட்டியிருந்தது.

தையல்காரம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இது என் கத்தரி. பல்லு வெச்ச கத்தரி. பாவாடை லைனிங் துணி இது! இதைக் காணோம்னு ஒரு வாரம் தேடினேன். தைக்கக் கொடுத்தவங்ககிட்ட பேச்சு வாங்கினேன். எடுத்து ஒட்டியிருக்கார் பாருங்க, திருட்டு மனுஷன்!" அவள் குரலில் வெற்றி வழிந்தது. "போதுமா? என் வீட்டுத் துணி."

தலைவர் அசையவில்லை.

"ஷெட்டுல ஒரு பை நிறைய கிடந்துச்சு அண்ணி. நானும் அதைத்தான் ஒட்டினேன். ரெண்டு படகுலயும் உங்க பாவாடைதான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

பல்செட்டுக்காரர் பசை கலக்கிக்கொண்டே சொன்னார்: "துணியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒட்டினது சுத்தமா இருக்கு. அவ்வளவுதான்."

"சுத்தமா இருந்தா அது அவர்தான்" என்றாள்.

"ஏன், நாங்க என்ன எச்சில் தொட்டு ஒட்டினோமா?"

"தம்பி, உங்க கல்யாணப் பத்திரிகையைக் கவர்ல ஒட்டினது ஞாபகம் இருக்கா? ஒண்ணு விடாம திறந்துக்கிட்டுது."

*

மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தார்கள். நடுவில் டப்பா ஒன்று இருந்தது. ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவரும், சுக்கானைத் திருப்புகிற சின்ன மோட்டாரும் தண்ணீர் படாமல் இருப்பதற்கான டப்பா. அந்த மோட்டாரைச் சர்வோ என்பார்கள். டப்பாவின் மூடிக்கும் விளிம்புக்கும் குறுக்கே ஒரு காகிதப் பட்டை, மேலே வார்னிஷ். பட்டையில் ஒரு கையெழுத்து, தேதி, 'இறுதி' என்று ஒரு வார்த்தை.

"நடுவர் சீல்" என்றார் தலைவர். முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "இறுதிப் போட்டிக்கு முன்னாடி பரிசோதிச்சு ஒட்டறது. அதுக்கப்புறம் யாரும் திறக்கல."

"எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"திறக்க விடல உங்கப்பா. உள்ள இருக்கறது என் ரிசீவர். என் சர்வோ. எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா, 'அண்ணே, அதை எடுத்துக் கொடு'ன்னு? 'அது கிடக்கட்டும்டா'ன்னுட்டார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அலைவரிசை, ஒரு கலர் கொடி. உங்கப்பாவுக்கு மஞ்சள். எனக்கு நீலம். திறங்க சார். உள்ள நீலம் இருந்தா நான் சொல்றது நிஜம்."

"திறக்கக் கூடாது" என்றாள் தையல்காரம்மாள்.

"ஏன்?"

"அவர் திறக்கல. நாம எதுக்கு?"

"பயமா இருக்கா அண்ணி?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "திறங்க" என்றாள்.

பல்செட்டுக்காரர் ஆவி காட்டி, மெழுகுக் கத்தியால் சீலைக் கிழியாமல் உரித்து ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டினார். மூடியைத் தூக்கினார். உள்ளே நேற்று வைத்த மாதிரி எல்லாம் பளிச்சென்று இருந்தது. ரிசீவரின் மேல் நீல ஸ்டிக்கர். ஓரத்தில் ஆணியால் கீறிய தலைவரின் முதலெழுத்து.

தலைவர் எழுந்து நின்றார். கை தட்டுவார் போல இருந்தது.

"பாத்தீங்களா! முப்பத்தேழு வருஷம். என்னை எப்படியெல்லாம் பேசினீங்க! என் கோப்பையை நான் திரும்ப எடுத்துக்கிட்டதுக்கு, உங்க மக கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி 'கோப்பைத் திருடன்'னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? எனக்குப் போட்ட சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். இப்ப சொல்லுங்க. யாரு திருடன்?"

தையல்காரம்மாள் நீல ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் தோளைத் தொட்டாள். அவள் தோளை உதறினாள்.

"உக்காருங்க சார்" என்றார் பல்செட்டுக்காரர். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை டப்பாவுக்குள் விட்டு, கீழிருந்து மேலாகத் திருப்பினார். "இந்த வாயில பல்லு மாத்தியிருக்கு."

"என்ன?"

"உங்க சர்வோ நேரா மரச்சட்டத்துல உக்காரல. நடுவுல ரெண்டு தகடு வெச்சு அதுமேல முடுக்கியிருக்கு. ஏன்னா இந்தச் சட்டம் இதைவிடச் சின்ன சர்வோவுக்குச் செஞ்சது." சர்வோவைக் கழற்றி எடுத்தார். அடியில், மரச்சட்டத்தில் நான்கு திருகு ஓட்டைகள், காலியாக. "வார்னிஷ் இந்த ஓட்டைக்குள்ளயும் இறங்கியிருக்கு. படகு கட்டும்போதே போட்ட ஓட்டை. அம்மா, அந்தப் பையில என்ன?"

"அவரோட ரிமோட். கூட என்னென்னவோ இருக்கு. பிரிக்காத டப்பா ஒண்ணு."

ரெக்சின் பையிலிருந்து மஞ்சள் கொடி சுற்றிய ரிமோட்டும், சின்ன அட்டைப்பெட்டி ஒன்றும் வந்தன. பெட்டிக்குள் உபரியாக வாங்கி வைத்த ஒரு சர்வோ, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பல்செட்டுக்காரர் உறையைக் கிழித்து, அதைச் சட்டத்தின் மேல் வைத்தார். நான்கு ஓட்டையும் நான்கு ஓட்டையோடு ஒட்டி நின்றன. ஒரு திருகைப் போட்டு இரண்டு விரலால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு பாதி இறங்கியது.

"மஞ்சள் கொடிக்காரர் கட்டின படகு சார் இது. அளவெடுத்து, தன்னோட சர்வோவுக்குச் சட்டம் போட்டு, ஓட்டை போட்டு, அதுக்கப்புறம் வார்னிஷ். உங்க செட்டை அப்புறமாத்தான் உள்ள வெச்சாங்க. சீலுக்கு முன்னாடி."

தலைவர் குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"அப்ப கட்டினது அப்பா" என்றாள் மகள் மெதுவாக. "ஓட்டினது சித்தப்பா. கட்டினவர்தான் ஓட்டணும்னா…"

"வாயை மூடு" என்றார் தலைவர்.

"அவளை எதுக்கு அதட்டறீங்க?" என்றாள் தையல்காரம்மாள். எழுந்துவிட்டாள். "காலையில கவிழ்ந்தது உங்க படகு. அவரோட படகை எடுத்து ஓட்டியிருக்கீங்க. ரிமோட்டையே வாங்கியிருக்கலாமே? எதுக்கு உள்ள இருக்கறதை மாத்தினீங்க?"

"ரிமோட்டெல்லாம் நடுவர் கூண்டுல பூட்டியிருக்கும். அவங்கவங்க பேருக்குத்தான் கொடுப்பாங்க. எனக்கு நீலம்தான் கிடைக்கும். அதனால…" அவர் நிறுத்தினார்.

"அவர் எங்க இருந்தார்?"

தலைவர் தாடைகளைப் பார்த்தார்.

"தம்பி, கேக்கறேன். அவர் நல்லா நின்னுக்கிட்டிருந்தா உங்க கையில கொடுத்திருப்பாரா? உசிரைக் கொடுத்தாலும் கொடுக்க மாட்டார். எங்க இருந்தார்?"

"ரெண்டரைக்கு கிளப்புக்கு போன் வந்துச்சு. உங்க பக்கத்து வீட்டம்மா. கஷ்டமான பிரசவம், உடனே வரச் சொல்லுங்கன்னு. அண்ணன் உக்காந்து இருபது நிமிஷத்துல செட்டை மாத்தினார். தகடு அவர் வெட்டினதுதான், பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. சீல் போட வெச்சு, எங்கிட்ட கொடுத்துட்டு, பஸ் பிடிச்சார்."

"எங்க?"

"உங்ககிட்டதான்."

"எங்கிட்ட ஆறு மணிக்குத்தான் வந்தார்."

"மூணரைக்கே வந்துட்டார் அண்ணி. முதல் மாடிக்கு ஏறும்போது உங்க சத்தம் கேட்டுச்சாம். படிக்கட்டுல உக்காந்துட்டார். ஏறவும் முடியல, இறங்கவும் முடியலடான்னார். அப்புறம் எந்திரிச்சுத் திரும்ப ஏரிக்கே வந்துட்டார். நான் கோப்பையோட நின்னேன். அதைக் கையில வாங்கினப்பதான் அவருக்கு முகத்துல ரத்தமே வந்துச்சு. 'இதைக் காட்டிக்கிட்டுப் போனா உள்ள விடுவா'ன்னார்."

மகள் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?" என்றாள் மகள்.

"சொன்னா படகு யாருதுன்னு வந்துடும்ல? கோப்பை போயிடும்."

"கோப்பைக்காக?"

"அவரும்தான் சொல்லல! என்னை மட்டும் கேக்கறே?" தலைவர் தையல்காரம்மாள் பக்கம் திரும்பினார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "அண்ணி, நல்லா யோசிங்க. அவர் பந்தயத்தை விட்டுட்டு உங்களுக்காக வந்தாரு. அது போதாதா? வெளியில தெரிஞ்சா ஜெயிச்சதையே ரத்து பண்ணிடுவாங்க. ரெண்டாவது வந்த மீசைக்காரர் இன்னும் ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வந்துக்கிட்டிருக்கார். பலகையில ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்றேன். 'சகோதரர்கள்'னு. கௌரவமா இருக்கும்."

"எனக்காக வந்தாரா?" என்றாள் தையல்காரம்மாள். "படிக்கட்டுக்கு வந்தார். பதினெட்டுப் படி தம்பி அது. நான் எண்ணியிருக்கேன், இவளைத் தூக்கிக்கிட்டு இறங்கும்போது. பந்தயத்துல இருந்தார், ஜெயிக்கிற வெறியில மறந்துட்டார்னு நினைச்சேன். அதைப் பொறுத்துக்கிட்டேன். ஆம்பளைக்கு அப்படி ஒரு பைத்தியம் இருக்கும்னு விட்டேன். இது என்ன? என் சத்தத்தைக் கேட்டுட்டுத் திரும்பிப் போய், அடுத்தவன் கோப்பையை வாங்கிக்கிட்டு வந்திருக்கார். நான் அதுக்குப் பூ வெச்சு, துடைச்சு, ரெண்டு வருஷம் அலமாரியில வெச்சிருந்தேன். நீங்க பிடுங்கிட்டுப் போனப்ப அழுதேன்."

"அவர் பயந்தாரு அண்ணி."

"நான் பயப்படலியா?"

பல்செட்டுக்காரர் ஒரு தாடையை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"அந்த மீசைக்காரர்" என்றாள் தையல்காரம்மாள், "அவர் பொண்டாட்டி அன்னிக்கு ஆசுபத்திரியில இருந்தாளா?"

"இல்லையே. ஏரியில, பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க."

"அப்ப கோப்பை அவருக்கே போகட்டும்." மகள் பக்கம் திரும்பினாள். "கிளப்புக்கு ஒரு கடுதாசி எழுது. கட்டினவர் உங்கப்பா. ஓட்டினவர் உங்க சித்தப்பா. விதிப்படி செல்லாதுன்னு போடு. அந்தக் கண்ணாடியில ஒட்டின சீலையும் கூட வை."

"அண்ணி, நான் அங்க தலைவர்!"

"அதான் உங்க பேருக்கே எழுதச் சொல்றேன். பிரிச்சுப் படிச்சுக் காட்டுங்க எல்லாருக்கும். நீங்க படிக்கலன்னா ஞாயித்துக்கிழமை நான் வந்து மீசைக்காரர்கிட்ட வாயால சொல்றேன். சத்தமாத்தான் சொல்வேன். என் சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்னு உங்களுக்குத் தெரியுமே."

தலைவர் வாசல்வரை போனார். திரும்பி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில், "என் ரிசீவர்" என்றார்.

"கொடுங்க அவருக்கு" என்றாள் தையல்காரம்மாள். "முப்பத்தேழு வருஷமா கேக்கறார்."

பல்செட்டுக்காரர் ரிசீவரையும் சர்வோவையும் இரண்டு தகடுகளையும் ஒரு பல்செட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். தலைவர் அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ரெண்டு நாள்ல சிவப்பு அடிச்சு முடிச்சுடுவேன்" என்றார் பல்செட்டுக்காரர். "எஞ்சின் ஓடுது. இந்தப் புது சர்வோவை அதோட ஓட்டையிலேயே முடுக்கிடறேன். நல்லா ஓடும்மா. அவர் கட்டின மாதிரியே."

தையல்காரம்மாள் சட்டத்தில் பாதி இறங்கி நின்ற ஒற்றைத் திருகைப் பார்த்தாள். குனிந்து, இரண்டு விரலால் அதைத் திரும்பச் சுற்றி எடுத்தாள். சர்வோவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ரெக்சின் பைக்குள் போட்டாள்.

"சிவப்பு அடிங்க. நம்பர் போடுங்க. இந்த நாலு ஓட்டையையும் அடைக்காதீங்க."

"சர்வோ இல்லாம திரும்பாதும்மா. நேராப் போய்க் கரையில முட்டும்."

"யாரு ஓட்டப் போறா?" என்றாள். போர்வையை உதறி, நான்காக மடித்து, கையில் எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."